தண்ணீர்விட்டான்

ஐந்நூறு ரூபாய்க் கட்டில்
எழுபத்து மூன்றாவது தாளில் வந்தது அது.
கழுத்துக்குக் கீழே யாரோ அடுப்பு மூட்டினார்கள்.
கண்ணாடிக்கு அப்பால் நின்றவர்
"என்ன மேடம், உடம்புக்கு முடியலையா" என்றார்.
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.
மின்விசிறி என் தலைக்கு நேர் மேலேதான்,
இந்தக் கிளையிலேயே நல்ல மின்விசிறி,
இந்த நாற்காலிக்கு வர எனக்கு இருபது வருஷம்.

சாயங்காலம் கொப்புடையம்மன் கோயில் தாண்டி
ஜமால் மைதீன் கடை.
எனக்கு முன்னால் ஒருத்திக்கு மூட்டுவலி.
அவளுக்கு முன்னால் நின்றவன்
வாயைக் காதுக்குக் கொண்டுபோய்ச் சொன்னான்.
என் கையில் இரண்டு சீட்டு.
ஒன்று எனக்கு, ஒன்று உண்ணாமலைக்கு.
கல்லூரியில் அவள் பெயர் உன்னி,
வீட்டில் எந்தப் பெயருக்கும் திரும்புவதில்லை.

"வயசு?"
"நாப்பத்தெட்டு. பத்தொம்பது."
"என்ன செய்யுது?"
"ஒருத்திக்கு வர மாட்டேங்குது.
ஒருத்திக்கு வந்தா நிக்க மாட்டேங்குது.
ரெண்டு பேரும் தூங்குறதில்ல."
அவர் சிரிக்கவில்லை, படிக்கல்லை மாற்றினார்.
"தைராய்டு மாத்திரை போடுறீகளா?"
"போடுறேன்."
"அதை நிறுத்திராதீக.
டாக்டரம்மாகிட்ட இதையும் சொல்லிருங்க.
ஒளிச்சுக் குடிச்சா அதுக்குப் பேரு மருந்தில்ல."

பிறகு இழுப்பறை இழுப்பறையாகத் திறந்தார்.
அமுக்கராக் கிழங்கில் குதிரை லாயத்து வாடை.
மழித்துப் போட்ட தாடிபோலச் சடாமாஞ்சில்.
சதகுப்பை ஒரு கைப்பிடி.
கழற்சிக்காய் அஞ்சு,
உருண்டு போய்க் கல்லாப்பெட்டியை முட்டின.
கடைசியாக வெளுத்துச் சுருங்கிய ஒரு வேர்.
"இது?"
"தண்ணீர்விட்டான்."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எவன் விட்டான், எந்தக் குடத்தில்?
என் வீட்டுக்காரர் ஓசூரில் இருக்கிறார்.
இரவு ஒன்பதுக்கு "சாப்டாச்சா" என்று
ஒரு செய்தி விடுகிறார்.

பொட்டலங்களின் மேல் பேனாவால் எழுதித் தந்தார்,
எனக்குப் 'பெ', மகளுக்குச் 'சி'.
செக்காலை ரோட்டில் பஸ் நின்றுபோனது.
மடியில் மருந்து.
அப்போது பார்த்து அடுப்பு மறுபடி மூண்டது.
வீடு வந்து பார்த்தால்
எல்லாப் பொட்டலத்திலும்
ஒரே மாதிரி நீல நிறக் குளம்.

இரவு இரண்டே முக்கால்.
சமையலறையில் ஏற்கெனவே வெளிச்சம்.
உண்ணாமலை தரையில் உட்கார்ந்து
பொட்டலங்களைப் பிரித்து முகர்ந்துகொண்டிருந்தாள்.
"இதுல எதும்மா எனக்கு?"
"தெரியல."
நானும் உட்கார்ந்தேன். தரை சில்லென்று இருந்தது,
பாதம் இரண்டையும் அப்படியே அழுத்தி வைத்தேன்.

"நாலு மாசம் ஆச்சும்மா" என்றாள்.
"நீ வேற மாதிரி நினைச்சிருவியோன்னு
ரெண்டு மாசம் சொல்லல."

என்ன சொல்வது என்று தெரியாமல்
உண்மையைச் சொன்னேன்:
"தை மாசம் எனக்குத் தள்ளிப்போச்சு.
தேவகோட்டை வரைக்கும் பஸ்ஸில் போய்
மெடிக்கல்ல அந்த அட்டையை வாங்கினேன்.
கடைக்காரப் பையன்
மருமகளுக்கான்னு கேட்டான்.
ஆமான்னுட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள்.
பார்த்துக்கொண்டே இருந்தவள்
பொத்துக்கொண்டு சிரித்தாள்.
முழங்கால் இடித்து ஒரு கழற்சிக்காய்
கோலப் பூப்போட்ட தரையில் ஓடி
கிரைண்டருக்கு அடியில் போய்விட்டது.
"எனக்கு ஒரு அண்ணன் இருக்கானாம்மா?
சொல்லவே இல்ல."
"கல்யாணமே பண்ணி வச்சுட்டேன், போ."

நாலு மருந்தையும் படம் எடுத்து
கடை எண்ணுக்கு அனுப்பினாள்.
விடிந்துதான் பதில் வரும்.
அதுவரை ஒன்றையும் காய்ச்சுவதாக இல்லை.
ஆனாலும் எழுந்து
அடுப்பில் சட்டியை வைத்துத்
தண்ணீர் விட்டாள்,
இரண்டு டம்ளர், பிறகு யோசித்து இன்னும் அரை.

கொதிக்க நேரம் எடுத்தது.
நாளை மாதக் கடைசி,
கவுண்டரில் கூட்டம் இருக்கும்.